ஆண்டு மலரில் சேராத குறிப்புகள்

டிசம்பர் 2, சனி

வேலை என் தலையில் விழுந்துவிட்டது. பாடகி தமயந்தி அருளப்பன் ரசிகர் வட்டம் வருடா வருடம் ஒரு மலர் போடும். அதில் 'இந்த ஆண்டு தமயந்தி' என்ற கட்டுரையை இந்த முறை நான் எழுத வேண்டுமாம். வழக்கமாக எழுதும் செல்வநாயகி டீச்சர் மகள் பிரசவத்துக்காக ஓசூர் போய்விட்டார். வட்டத்தின் தலைவி சொர்ணா அக்கா திருப்பூரில் தையல் யூனிட் வைத்திருப்பவர். போனில் உத்தரவு போட்டார்: "நீதான் எல்லாத்தையும் பட்டியல் போட்டு வெச்சிருக்கியே, எழுதிப்போடு." பட்டியல் இல்லை, அட்டவணை என்றேன். இரண்டும் ஒன்றுதான், முப்பத்தொன்றாம் தேதி கூட்டத்தில் படிக்க வேண்டும் என்றார்.

போன வருட மலரைப் பார்த்துத்தான் டிவிக்காரர்கள் தமயந்தியைப் பாட்டுப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள் என்பது அக்காவின் நம்பிக்கை. ஆதாரம் கேட்டேன், கோபித்துக்கொண்டார். ஆனால் மலர் அறுபது கச்சேரி அமைப்பாளர்களுக்குத் தபாலில் போகிறது என்பது உண்மை. நானே ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறேன்.

போனை வைப்பதற்கு முன் அக்கா சொன்னது: "இந்த வருசம் அந்தம்மாவுக்குத் தலக்கனம் ஏறிப்போச்சு. அதையும் எழுதோணும். உன்னைய விட்டா அதுக்கு ஆளு யாரு."

ஈரோட்டில் நடந்ததைச் சொல்கிறார். அது ஒரே ஒரு தரவு. ஒரு தரவை வைத்து நான் முடிவு கட்டுவதில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

துணி துவைத்தேன். குக்கர் கேஸ்கெட் போய்விட்டது. புதுசு வாங்கினேன், அளவு தப்பு.

அட்டவணையைத் திறந்தேன். இந்த வருடம் மேடைக் கச்சேரி இதுவரை 30. பதினேழாம் தேதி திருப்பூரோடு 31. தேதி, ஊர், பாடிய பாட்டு, சுருதி, எடுப்பில் தவறியது, வரி மறந்தது என்று தனித்தனிப் பத்தி. நேரில் போக முடியாத கச்சேரிகளுக்கு வீடியோ பார்த்து நிரப்புவேன். எனக்கு இது கஷ்டமில்லை. கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு எஞ்சினியர் நான். நாள் முழுக்க இதே வேலைதான், பாட்டு மட்டும் கிடையாது.

மொத்தமாகப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம். மே 9க்குப் பிறகு ஜூன் 17 வரை ஒன்றுமே இல்லை. வெளிநாட்டுப் பயணம் என்று அப்போது அறிவித்தார்கள். எந்த நாடு? ஒரு புகைப்படம்கூடக் கிடைக்கவில்லை. வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு பாடகி தண்ணீர் குடித்தாலே நூறு பேர் படம் போடுவார்கள். போகவில்லை என்றுதான் அர்த்தம். அப்படியானால் எங்கே இருந்தார்?

அடுத்தது இன்னும் விசித்திரம். எடுப்பில் தவறியது: ஜனவரி முதல் மே வரை பூஜ்யம். ஜூன், ஜூலை இரண்டு மாதத்திலேயே 9. பதினேழு வருடமாக மேடை ஏறுகிறவர், பல்லவியில் அரை மாத்திரை பிந்தி நுழைகிறார்.

பத்தொன்பதாம் வரிசை: ஈரோடு, ஜூலை 22. குறிப்பு: 'ரசிகர் மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை.' ரசிகர் நான்தான். அவர் மேடையிலிருந்து இறங்கும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்றேன். அவர் பாடிய 214 பாட்டின் விவரங்களை பைண்டு பண்ணிக் கொண்டுபோயிருந்தேன். வட்டத்து ஆள் யாரோ என் முதுகுக்குப் பின்னாலிருந்து பதினான்கு நொடி வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார். நாற்பத்தொரு பேர் சிரிப்புப் பொம்மை வைத்தார்கள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பைண்டு 1.2 கிலோ. திரும்பத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

டிசம்பர் 5, செவ்வாய்

கேஸ்கெட்டை மாற்றினேன். இப்போதும் கசிகிறது.

டிசம்பர் 6, புதன்

டெஸ்ட் பெஞ்சில் ரங்கண்ணனோடு சண்டை. பேரிங் சத்தம் பார்ப்பவர், நாற்பது வயது இருக்கும். ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, நல்லது கெட்டதை, சத்தம் அளக்கும் மிஷின் காட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். கெட்டிக்காரர்தான். ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை. இன்று ஒரு மோட்டாரை நிறுத்தச் சொல்லி இரண்டு தடவை கத்தினேன். தோளைத் தட்டிய பிறகு சாவகாசமாகத் திரும்பி, "சொல்லுங்க சார்" என்று சிரிக்கிறார். இந்த வருடம் என்னை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று எல்லோரும் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள் போல.

மதியம் கேண்டீனில் அவர் எப்போதும் உட்காரும் சுவரோர முனையில் வேண்டுமென்றே போய் உட்கார்ந்தேன். பெஞ்சில் வேறு இடம் இருந்தது. அவர் உட்காரவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் சாப்பிட்டு எழும் வரை நின்றார். என்ன பிடிவாதம் இது.

டிசம்பர் 9, சனி

சொர்ணா அக்கா புகார்ப் பட்டியல் அனுப்பியிருக்கிறார். வட்டத்தில் எல்லோரிடமும் கேட்டுத் திரட்டியதாம்.

ஒன்று, பாட்டுப் போட்டியில் மூன்று நடுவர்களில் தமயந்திக்கு நடு நாற்காலி. ஜூலையிலிருந்து ஓரத்து நாற்காலிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கேமரா முதலில் அந்த முனையிலிருந்துதான் வரும், அதற்காகத்தான் என்கிறார்கள்.

இரண்டு, முன்பெல்லாம் கூட்டத்திலிருந்து யார் பாட்டுப் பெயரைக் கத்தினாலும் சிரித்துக்கொண்டே பாடுவார். இப்போது சீட்டில் எழுதிக் கொடு என்கிறார். "தாசில்தார் ஆபீசா இது?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

மூன்று, ஈரோடு.

முதல் காரணம் எனக்கு ஒப்பவில்லை. பழைய பகுதிகளை ஓட்டிப் பார்த்தேன். கேமரா எட்டில் ஐந்து தடவை எதிர் முனையிலிருந்துதான் தொடங்குகிறது. விளம்பரத்துக்காக இடம் மாறினார் என்றால் தப்பான முனைக்கு மாறியிருக்கிறார். அவ்வளவு முட்டாள் இல்லை அவர். வேறு காரணம் இருக்க வேண்டும். என்ன என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. (குக்கர் கசிவதும் ஒரு காரணம்.)

டிசம்பர் 12, செவ்வாய்

கம்பெனியில் வருடாந்திரக் காது பரிசோதனை. வேன் வந்தது. உள்ளே கண்ணாடி வைத்த சின்ன அறை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், பீப் சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் டிக் பண்ணுகிற வேலை எனக்கு. நின்று நின்று கால் வலித்தது.

ரங்கண்ணன் முறை வந்தது. இடது காதுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விரல் தூக்கினார். வலது காது ஆரம்பித்ததும் கண்ணைத் திறந்து, கண்ணாடிக்கு வெளியே பொத்தானை அழுத்தும் பெண்ணின் முழங்கையையே பார்த்தார். முழங்கை அசையும், விரல் எழும். ஒரு தடவை அந்தப் பெண் துப்பட்டாவைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார். ரங்கண்ணன் விரலைத் தூக்கினார்.

அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வெளியே வந்ததும் நேராகக் கேட்டுவிட்டேன், வலது காது கேட்காதா என்று. என் குரல் எப்போதும் கொஞ்சம் பெரிதுதான்.

அவர் என்னை வேனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "மெதுவா சார். எடது பக்கம் வந்து மெதுவாப் பேசுங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "ஆறு வருசமாச்சுங்க. ஒத்தக் காதுன்னு தெரிஞ்சா பெஞ்சுல வெப்பாங்களா? குடோன்ல அட்டப்பொட்டி எண்ண வுட்ருவாங்க. ஒரு மோட்டராவது தப்பா பாஸ் பண்ணியிருக்கனா, சொல்லுங்க."

போய் ரிக்கார்டைப் பார்த்தேன். இந்த ஆறு மாதத்தில் அவர் தள்ளுபடி செய்தது 58. மிஷின் தள்ளுபடி செய்ததும் அதே 58. ஸ்டோரில் இருந்து நல்ல காதுக் கவசம் ஒன்று வாங்கிவந்து அவர் கையில் திணித்து, இருக்கிற ஒன்றையாவது காப்பாற்றுங்கள், பெஞ்சைச் சுற்றி நடக்கும்போது இது இல்லாமல் பார்த்தால் நானே மேலிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றேன்.

சுவரோர முனையும் அப்போதுதான் புரிந்தது. வலது தோளைச் சுவருக்குக் கொடுத்துவிட்டால் பேசுகிறவர்கள் எல்லோரும் இடது பக்கம்தான் இருந்தாக வேண்டும்.

டிசம்பர் 13, புதன்

அரை நாள் லீவு போட்டேன். காரணம் வயிற்று வலி என்று எழுதினேன்.

அட்டவணையில் புதுப் பத்தி: யார் எந்தப் பக்கம். முப்பது கச்சேரியின் வீடியோவையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மே 9 வரை 14 கச்சேரி. அதில் பதினொன்றில் கீபோர்டு தமயந்திக்கு வலது பக்கம். ஜூன் 17லிருந்து 16 கச்சேரி. பதினாறிலும் கீபோர்டு இடது பக்கம். கூடப் பாடுகிறவர் இடது பக்கம். பாடுகிறவருக்குத் தாளம் கேட்க வைக்கும் ஸ்பீக்கர் முன்பு இரண்டு இருக்கும், இப்போது இடது பக்கம் ஒன்றே ஒன்று. டிவியில் அவர் கேட்டு வாங்கிய நாற்காலிக்கு வலது பக்கம் யாருமே இல்லை.

ஒரு காதில் மட்டும் கேட்டால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. கூட்டத்தில் கத்துகிறவர் யார், எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. சீட்டில் எழுதினால் படிக்கலாம்.

ஈரோட்டு வீடியோவையும் பார்த்தேன். ஐந்து மாதத்தில் முதல் தடவை. பதினான்கு நொடி. நான் நின்றது அவருக்கு வலது பக்கம்.

பன்னிரண்டு தடவை பார்த்திருக்கிறேன். சரிபார்ப்பதற்காக.

டிசம்பர் 14, வியாழன்

இது ஊகம். ஊகம் அட்டவணையில் ஏறாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 17, ஞாயிறு

திருப்பூர். வணிகர் சங்க விழா. நாற்காலி போட, மாலை வாங்க வட்டத்து ஆட்கள் பத்துப் பேரை அக்கா அனுப்பியிருந்தார். நானும் அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மதியம் மூன்று மணிக்கு சவுண்ட் செக். மண்டபம் காலி. தமயந்தி சாதாரணப் பருத்திப் புடவையில், மைக்கைப் பிடித்து, கீபோர்டுக்காரரோடு எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

சோதனை முறை இதுதான். அவருக்கு வலது பக்கம் மூன்று மீட்டரில் நின்று, சாதாரணக் குரலில், உண்மையான ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் ஸ்பீக்கரில் லேசான இரைச்சல் வந்துகொண்டிருந்தது. "மேடம், ஸ்பீக்கர்ல இரைச்சல் வருது" என்றேன். திரும்பவில்லை. எதிர்ப் பக்கம் இருந்த கீபோர்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனேன். ஐந்து மீட்டர். முன்னதைவிடச் சன்னமாக அதே வாக்கியம். உடனே திரும்பினார்.

"ஆமா, எனக்கும் கேக்குது. நீங்க யாரு?"

பதில் சொல்வதற்குள் அவர் முகம் மாறியது. "இப்போ அந்தப் பக்கம் நின்னீங்கல்ல. ஏன் இந்தப் பக்கம் வந்தீங்க?"

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "அந்தப் பக்கம் சொன்னது உங்களுக்குக் கேக்கலைங்க" என்றேன்.

கீபோர்டுக்காரர் குனிந்து ஒயரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை. தமயந்தி மைக்கை அணைத்து ஸ்டாண்டில் வைத்துவிட்டு, மேடையின் பின்பக்கத் திரைக்கு நடந்தார். நானும் போனேன், இடது பக்கமாக.

டாக்டரா என்று கேட்டார். இல்லை, மோட்டார் செக் பண்ணுகிறவன், உங்கள் ரசிகர் வட்டம் என்றேன். முதலில் சிரித்தார். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார். நாற்காலி, கீபோர்டு, சீட்டு, ஒற்றை ஸ்பீக்கர், எல்லாம் வரிசையாகச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். தன் வேலையை யாரோ சரியாகப் பார்த்துவிட்டார்கள் என்பதுபோல.

மே மாதம் ஒரு காலையில் எழுந்தபோது காதுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல் இருந்ததாம். குளித்த தண்ணீர் என்று இரண்டு நாள் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் டாக்டர், இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் ஒருவேளை என்று சொன்னாராம். ஒரு மாதம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒற்றைக் காதில் தாளம் பிடிக்கப் பழகினார். சொந்தக் குரலே பக்கத்து வீட்டில் யாரோ பாடுவதுபோல் இருந்தது என்றார்.

"எழுதப் போறீங்களா?"

ஆண்டு மலர்க் கட்டுரை நான்தான் எழுதுகிறேன் என்றேன்.

"நான் தப்பாப் பாடினத எழுதுங்க தம்பி. எந்த ஊரு, எந்தப் பாட்டு, எத்தனை எடத்துல விட்டேன், எல்லாம் எழுதுங்க. காதை மட்டும் எழுதாதீங்க. தெரிஞ்சா மேடையில கூப்பிட்டு 'பாவம்'னு ஒரு சால்வை போடுவாங்க. அப்புறம் கூப்பிட மாட்டாங்க. அந்தச் சால்வைய வெச்சு நான் என்ன பண்றது?"

ஈரோட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்பதற்காகப் போகவும் இல்லை. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போய்விட்டேன். எர்த் ஒயர் தளர்ந்திருந்தது. முறுக்கினேன், நின்றுவிட்டது.

மாலைக் கச்சேரியில் 18 பாட்டு. எடுப்பில் தவறியது: பூஜ்யம்.

டிசம்பர் 18, திங்கள்

மோட்டார் 44. தள்ளுபடி 2.

டிசம்பர் 21, வியாழன்

கட்டுரை முடியவில்லை. பிரச்சினை இதுதான். எடுப்பில் தவறியது: ஜூன், ஜூலை 9. ஆகஸ்ட், செப்டம்பர் 4. அக்டோபர் 1. நவம்பர், டிசம்பர் 0. இப்படிக் கீழே இறங்கும் ஒரு கோடு என் வேலையில் நான் பார்த்ததே இல்லை. உடைந்த இயந்திரம் தானாக ஆறு மாதத்தில் சரியாவதில்லை. காரணத்தோடு சொன்னால், இந்த ஆண்டு பாடியவர்களிலேயே பெரிய வேலை செய்தவர் இவர்தான் என்று எவனும் ஒத்துக்கொள்வான். காரணத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான்: ஜூலையில் அசட்டையாகப் பாடினார், பிறகு ஒழுங்காகப் பாடினார்.

காரணம் இல்லாத கோட்டை நான் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு

காரணம் இல்லாமலே எழுதி அனுப்பினேன். ஒன்பது பக்கம். எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

டிசம்பர் 27, புதன்

அக்கா திருப்பி அனுப்பியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் அவராகவே ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்: 'புகழ் ஏற ஏறப் பணிவும் ஏற வேண்டும். ஈரோட்டில் பத்தாண்டு கால ரசிகர் ஒருவர் கையில் தன் உழைப்பை ஏந்தி மும்முறை அழைத்தும், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது வட்டத்தினர் மனத்தை நோகச் செய்தது.'

போன் செய்து எடுக்கச் சொன்னேன். முடியாது என்றார். "நா ஒண்ணும் இட்டுக்கட்டுலயே. உனக்கு நடந்ததத்தான எழுதியிருக்கறேன்? உனக்கு ரோசமில்லீன்னா போ, எனக்கு இருக்குது." அறுபது அமைப்பாளர்கள் படிப்பார்கள், ரசிகரை மதிக்காதவர் என்று பெயராகிவிடும் என்றேன். படிக்கட்டும், அப்போதாவது புத்தி வரட்டும் என்றார். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார் என்றேன். அப்படியானால் காரணத்தைச் சொல் என்றார்.

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 31, ஞாயிறு

கூட்டம் அக்காவின் தையல் யூனிட் மாடியில். மதியம் மூன்றரைக்கு முப்பத்தெட்டுப் பேர். டீ, மெதுவடை. கட்டுரையைத் தரணி என்ற கல்லூரிப் பெண் படித்தார். எடுப்பு எண்ணிக்கை வந்த இடத்தில் பலர் வடை மேல் கவனமாக இருந்தார்கள். கடைசிப் பத்தி வந்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்.

நான் எழுந்து நின்றேன். ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன்.

"நான் கூப்பிடவே இல்லைங்க்கா."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "மூணு வாட்டி கூப்பிட்டேன்னு நீதான சொன்னே?"

"சொன்னேன். கூப்பிடலை. பக்கத்துல பார்த்ததும் வாய் வரலை. வெக்கமாப் போச்சு, அதனால அப்படிச் சொல்லிட்டேன்."

தரணி போனை எடுத்து அந்தப் பதினான்கு நொடியை ஓட்டினார். பின்னாலிருந்து எடுத்தது, என் முதுகு தெரியும், வாய் தெரியாது. கூட்டத்து இரைச்சலில் என் குரல் அமுங்கியிருந்தது. மறுபடி ஓட்டினார். "ஆமாங்க்கா, சத்தமே இல்ல" என்றார்.

முதலில் சிரித்தது உடுமலைக்காரர் ஒருவர். "வாயத் தொறந்தா எல்லாத்தையும் கடிச்சு வெக்கறவனுக்கு அங்க போயி வாயடச்சுப் போச்சாக்கும்." பிறகு எல்லோரும் சிரித்தார்கள். குழுவில் இனி என் பெயர் 'மௌனச்சாமி' என்று அங்கேயே முடிவாயிற்று. தரணி உடனே மாற்றியும் விட்டார்.

அக்கா சிரிக்கவில்லை. துணியில் அளவு குறிக்கும் நீல பென்சிலை எடுத்து, கடைசிப் பத்தியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். போதாது என்று இன்னொரு கோடும் போட்டார். தாளை, கூட்டத்துக்கு வந்திருந்த அச்சகத்துக்காரரிடம் நீட்டினார்.

கோயம்புத்தூர் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றேன். அக்காவும் கூடவே வந்து நின்றார், வழியனுப்ப அல்ல. "அஞ்சு மாசமா அந்தப் பொம்பளைய எத்தன பேச்சுப் பேசியிருப்பேன் தெரியுமா? உன் வெக்கத்துக்கு நான் பாவத்தக் கட்டிக்கோணுமா? படிச்சவனாடா நீ?" என்று ஆரம்பித்தார். பஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அத்தனை நேரமும் திட்டினார். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.